இருட்டறதுக்குள்ள வந்துடு

சித்திரைப் பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் இரவு என்று ஒன்று கிடையாது. மலையைச் சுற்றிப் போகும் 14 கிலோமீட்டர் சாலையிலும் விளக்கு. மோர்ப் பந்தல், அன்னதானப் பந்தல், முறுக்கு, ருத்திராட்சம், கால் வலிக்குத் தைலம் என்று இரண்டு பக்கமும் கடை. நடக்கிறவர்களில் பாதிப் பேராவது பெண்கள்தான் என்று எனக்குப் பட்டது. சிவப்புப் புடவை கட்டி மேல்மருவத்தூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள், சென்னையிலிருந்து ஸ்பெஷல் பஸ் பிடித்து வந்த ஐ.டி. கம்பெனிப் பெண்கள், இடுப்பில் பிள்ளையோடு செங்கம், போளூர் பக்கத்துக் கிராமத்துக்காரிகள். எல்லாருக்கும் வெறுங்கால்தான். இரவு 1 மணிக்கு எம லிங்கத்தைத் தாண்டி ஒரு கடையின் படியில், முட்டிவலிக்குக் காலை நீட்டிப் படுத்துவிட்ட பாட்டி ஒருத்தி. பக்கத்தில் பேத்திகள் இரண்டு பேர் ஐஸ் தின்றபடி செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்நேரத்தில் ரோட்டில் உங்களுக்கு என்ன வேலை என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. சாமி பேரைச் சொல்லிவிட்டால் நம் ஊரில் பெண்ணுக்கு இரவு திறந்துவிடுகிறது.

பெரியம்மா மகள்கள் இரண்டு பேரோடு நடந்துகொண்டிருந்தேன். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம் என்று திசைக்கு ஒன்றாகக் கும்பிட்டு, செங்கம் சாலையை விட்டுப் பிரிந்து, வருண லிங்கமும் கடந்து அடி அண்ணாமலைக்கு வந்தபோது விடிய இன்னும் நேரம் இருந்தது. அக்காமார் இருவருக்கும் ஆரணிக்குத் திரும்பிக் கடை திறக்க வேண்டும். அவர்கள் வாயு லிங்கத்தை நோக்கிப் போக, நான் அந்த ஊரிலேயே தங்கிவிட்டேன்.

திருவண்ணாமலை நகரமும் பெரிய கோயிலும் மலைக்குக் கிழக்கே இருக்கின்றன. அடி அண்ணாமலை அதற்கு நேர் மறுபக்கம். அதனால் இங்கே சூரியன் மலைக்குப் பின்னாலிருந்துதான் எழுந்து வர வேண்டும். வானம் வெளுத்த பிறகும் ஊர் மேல் நிழல் கிடக்கிறது. ஆதி அருணாசலேசுவரர் கோயில் லிங்கம் பிரம்மா வைத்தது, பெரிய கோயிலைவிட இதுதான் மூத்தது என்று ஊரார் சொல்கிறார்கள். சொல்வதில் கொஞ்சம் கர்வமும் இருக்கிறது. பௌர்ணமிக் கூட்டத்தில் பலர் சாலையிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுகிற கோயில் என்பதால் அந்தக் கர்வத்தில் நியாயமும் உண்டு.

நான் பார்க்க விரும்பியது அதற்குப் பக்கத்தில் உள்ள மாணிக்கவாசகர் கோயிலை. சின்னக் கோயில். திருவாசகத்தில் திருவெம்பாவையும் திருவம்மானையும் திருவண்ணாமலையில் பாடியவை என்பது மரபு. இந்த இடத்தில்தான் என்று ஊர் உரிமை கொண்டாடுகிறது. இரண்டும் இருபது இருபது பாட்டு. இரண்டுமே பெண்பிள்ளைகள் பாடுவதாக அமைந்தவை. ஒன்றில் மார்கழி இருட்டில் வீடு வீடாகப் போய்த் தோழியை எழுப்பிக்கொண்டு நீராடப் போகிறார்கள். இன்னொன்றில் அம்மானைக் காய்களை மேலே வீசிப் பிடித்தபடி பாடுகிறார்கள். வெளியே போகும் பெண்களும் பந்து பிடிக்கும் பெண்களும் ஆக, இரண்டு பாட்டுக்கும் இந்த மலையே சாட்சி.

தமிழ் இலக்கியத்தில் பந்தாடும் பெண்களுக்குக் குறைவே இல்லை. பெருங்கதையில் அரண்மனைப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி மிஞ்சி ஆயிரக்கணக்கில் எண்ணிக்கொண்டு பந்தடிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது; போட்டி விளையாட்டின் நேர்முக வர்ணனை போலவே ஓடும். குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி தெருவுக்கே வந்து பந்தடிக்கிறாள். ஆனால் புலவர் பார்ப்பதெல்லாம் வளையலையும் இடையையும்தான். பந்து எங்கே போய் விழுந்தது என்று அவருக்குக் கவலை இல்லை.

விடிந்த பிறகு கோயிலுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி டீ குடிக்கப் போனேன். கடைக்கு எதிரே ஒரு பொட்டல். ஏழெட்டுப் பிள்ளைகள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கோல் போஸ்டுக்குச் செருப்பு, மறுபக்கம் செங்கல். பாதிக்கு மேல் பையன்கள். பெண்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி மட்டும் பந்தை விரல் நுனியால் தள்ளாமல், கால் மேல்பாகத்தில் வாங்கி ஓங்கி அடித்தாள். யாரோ சொல்லிக்கொடுத்த கால் அது என்று தெரிந்தது. மஞ்சள் ஜெர்சி. முதுகில் 10, அதற்கு மேல் நெய்மார்.

தண்ணீர் குடிக்கக் கடைக்கு வந்தவளிடம் பேச்சுக் கொடுத்தேன். பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். ஸ்கூல் டீமில் ஸ்டாப்பர். பாரதியார் தின விளையாட்டுப் போட்டியில் மாவட்ட மேட்ச் வரைக்கும் போயிருக்கிறாள்.

“பிளஸ் ஒன் போனாலும் ஆடுவியா?”

“டவுனுக்குப் போவணும்க்கா. அங்க பிராக்டிஸ் சாயங்காலம்தான். எங்கம்மா, இருட்டறதுக்குள்ள வந்துடணும்னு சொல்லும்.”

“நேத்து ராத்திரி கிரிவலம் போனியா?”

“போனேனே. எங்கம்மாகூடதான். மூணு மணிக்குதான் ஊட்டுக்கு வந்தோம்.”

சொன்னவளுக்கு இதில் வேடிக்கை எதுவும் தோன்றவில்லை. டீக்கடைக்கார அம்மாவுக்கும் தோன்றவில்லை. “அது சாமி காரியம், இது வெளாட்டு” என்று எனக்குப் புரிய வைத்தார். மூன்று மணிக்கு வீடு திரும்பியவள் ஆறரைக்குப் பந்தடிக்கிறாளே, இந்தத் தெம்பை யாராவது கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாதா என்றுதான் எனக்கு இருந்தது.

“மார்த்தா தெரியுமா?” என்றேன், ஜெர்சியைக் காட்டி.

“யாருக்கா அது?”

தெரியாதது அவள் குற்றமில்லை. மார்த்தாவின் பெயர் போட்ட ஜெர்சி நம் ஊர்க் கடைகளில் தொங்கி நான் பார்த்ததே இல்லை. பிரேசில் பெண்கள் அணிக்காக உலகக் கோப்பைகளில் 17 கோல் அடித்தவர். ஆணிலோ பெண்ணிலோ அவரைவிட அதிகம் அங்கே அடித்தவர் கிடையாது.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் பிடித்து, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, திருக்கோவிலூர் வரைக்கும் அந்த மஞ்சள் ஜெர்சியையே நினைத்துக்கொண்டு போனேன்.

அந்த ஜெர்சிக்குச் சொந்தக்கார நாடான பிரேசிலில் ஒரு காலத்தில் பெண் பந்து உதைப்பது சட்ட விரோதமாக இருந்தது. 1941 ஏப்ரல் 14இல் ஜெதூலியோ வர்காஸ் அரசு 3199 என்ற எண்ணில் ஓர் ஆணை போட்டது. அதன் 54ஆவது பிரிவு, பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளைப் பெண்கள் ஆடக்கூடாது என்றது. அதற்கு முந்தைய ஆண்டில் பெண்கள் அணிகள் மேட்ச் ஆடத் தொடங்கியிருந்தன, கூட்டமும் வந்தது. பார்த்துப் பதறிய ஒருவர், வருங்காலத் தாய்மார்களின் உடம்பு கெட்டுப்போகும் என்று ஜனாதிபதிக்கே கடிதம் எழுதினார். தடை 1979 வரைக்கும் நீடித்தது. இடைப்பட்ட காலத்தில்தான் பெலே வந்தார். 1958, 1962, 1970 என்று மூன்று உலகக் கோப்பைகளைப் பிரேசில் தூக்கியது. நாடே பந்தாகக் கிடந்த அந்த ஆண்டுகளில் பெண்கள் ஒளிந்து ஆடினார்கள், போலீஸ் வந்தால் கலைந்து ஓடினார்கள். இங்கிலாந்தும் உத்தமம் இல்லை. அங்கே கால்பந்துச் சங்கம் 1921இல் பெண்களைத் தன் மைதானங்களிலிருந்து வெளியேற்றிவிட்டு ஐம்பது ஆண்டு கதவைச் சாத்தி வைத்திருந்தது.

தடை போன பிறகு ரியோ டி ஜெனீரோவின் கோப்பகபானா பகுதியில் ராடார் என்ற கிளப், கடற்கரை மணலில் ஆடிக்கொண்டிருந்த பெண்களைச் சேர்த்து 1980களின் தொடக்கத்தில் ஓர் அணி கட்டியது. பெண்கள் ஆட்டத்துக்கு அந்த நாட்டில் முறையான விதிகள் வந்தது 1983இல். சில ஆண்டுகளுக்கு அந்த ஒரு கிளப்தான் கிட்டத்தட்ட தேசிய அணி. 1988இல் சீனாவில் ஃபிஃபா சோதனை முயற்சியாக நடத்திய பெண்கள் போட்டிக்கு ராடார் பெண்களை வைத்துத்தான் பிரேசில் போனது, மூன்றாமிடம் பெற்றது. அரரக்குவாரா என்ற ஊரில் ரயில்வேக்காரர்கள் 1950இல் தொடங்கிய ஃபெரோவியாரியா கிளப், ஆண்கள் ஆட்டத்தில் பெரிய பெயர் எடுத்ததில்லை. அதன் பெண்கள் அணிதான் 2015இலும், பிறகு 2020ஆம் ஆண்டுக்கான போட்டியிலும் தென் அமெரிக்கக் கோப்பையான லிபெர்தாதோரஸை வென்றது. இரண்டாவது தடவை பயிற்சியாளரும் பெண், லிண்ட்சே கமிலா. 2019 முதல், முதல் டிவிஷனில் ஆட வேண்டுமென்றால் ஒவ்வொரு கிளப்பும் பெண்கள் அணி வைத்தே ஆக வேண்டும் என்று அங்கே விதி. 2027 பெண்கள் உலகக் கோப்பையும் அங்கேதான்.

மார்த்தா பதினாலு வயதில் தன் சிற்றூரான தோயிஸ் ரியாஷோஸிலிருந்து ரியோவுக்கு மூன்று நாள் பஸ்ஸில் போனார், வாஸ்கோ ட காமா கிளப்பில் ஆடிக்காட்ட. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டிருக்கிறவளுக்கு இந்தச் செய்திதான் பெரிதாகத் தோன்றும். வழியனுப்பிய வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்? யார் டிக்கெட் எடுத்திருப்பார்கள்? மூன்று நாளில் மூன்று தடவை இருட்டியிருக்குமே.

இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை. போட்டிருந்தால் ஒருவேளை எதிர்த்து நிற்கவாவது ஒரு காகிதம் இருந்திருக்கும். 1975இல் பெண்களுக்கான கால்பந்துச் சங்கம் தொடங்கியது. தேசியப் போட்டியும் நடந்தது. ஆசியப் பெண்கள் போட்டி 1980 தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்தபோது இந்தியாவுக்கு இரண்டாமிடம், 1983இல் பாங்காக்கிலும் இரண்டாமிடம். பிரேசில் பெண்களுக்குத் தடை நீங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாளில் நம் பெண்கள் ஆசிய இறுதி ஆட்டத்தில் நின்றார்கள். அப்புறம் சத்தமே இல்லாமல் அத்தனையும் தேய்ந்தது. 2021 நவம்பரில் பிரேசிலின் மனௌஸ் நகரத்தில் இரு நாடுகளும் மோதின. பிரேசிலின் ஃபோர்மிகாவுக்கு, 43 வயதில், அது விடைபெறும் ஆட்டம். எட்டாவது நிமிடத்தில் இந்தியாவின் மனிஷா கல்யாண் ஒரு கோல் போட்டு ஆட்டத்தைச் சமமாக்கினார். முடிவு பிரேசிலுக்கு 6–1. தடை போட்ட நாடு எங்கேயோ போய்விட்டது. தடை எதுவும் போடாத நாம், ‘பொழுது சாயறதுக்குள்ள வா’ என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அந்த வேலையை முடித்துவிட்டோம். ஆணைக்கு எண் உண்டு, ரத்து செய்யலாம். அம்மா வாசலில் நின்று சொல்வதை எந்தச் சட்டசபையில் ரத்து செய்வது?

அம்மாவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. டவுனிலிருந்து அடி அண்ணாமலைக்கு வரும் அதே சாலை, பௌர்ணமி அல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

திருக்கோவிலூரில் பெண்ணையாறு மணலாகக் கிடந்தது. கபிலர் உயிர் விட்டதாகச் சொல்லும் குன்று ஆற்றுக்குள் தனியாக நிற்க, அதைச் சுற்றி ஆடு மேய்ந்தது. இதே ஆறுதான் கடலூருக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிறது. ஆறு போகும் திசையில்தான் பஸ்ஸும் போனது. பண்ருட்டி நெருங்கும்போது சாலையோரம் மலை மலையாகப் பலாப்பழம். கண்டக்டர் இறங்கி ஒன்று பேரம் பேசி வாங்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டார். மிச்சப் பயணம் முழுக்க அந்த வாசனைதான்.

பண்ருட்டி என்றதும் எல்லாருக்கும் பலாவும் முந்திரியும் நினைவுக்கு வரும். இந்திய அணியின் முன்வரிசையில் ஆடிய சந்தியா ரங்கநாதனும் இந்த ஊர்க்காரர்தான். பஸ் ஸ்டாண்டில் நகைக்கடை விளம்பரத்தில் ஒரு நடிகை சிரித்துக்கொண்டிருந்தார். சந்தியாவின் படம் எங்கும் கண்ணில் படவில்லை. நான் தேடியது பஸ் நின்ற பத்து நிமிடத்தில்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடலூருக்கு வரக் காரணம் இருந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்தின் கதையை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் நடுவில் இந்த ஊர் வந்துவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினத்துக்கும் கன்னியாகுமரிக்கும் அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் அதிகம் பறிகொடுத்த மாவட்டம் கடலூர். 600க்கு மேற்பட்ட உயிர்கள். பெற்றவர்களை இழந்த பிள்ளைகள் காப்பகங்களுக்கும் அரசு விடுதிகளுக்கும் வந்தார்கள். அவர்களில் சில பெண்பிள்ளைகளும், கூலி வேலைக் குடும்பங்களிலிருந்து விடுதிக்கு வந்த வேறு பெண்பிள்ளைகளும் சாயங்கால வேளையில் பந்து உதைக்கத் தொடங்கினார்கள். சொல்லிக்கொடுத்தவர் பயிற்சியாளர் எஸ். மாரியப்பன். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி.

இதில் என் கண்ணில் பட்ட விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பெண்களில் பலர் விடுதிப் பிள்ளைகள். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வா என்று வாசலில் நின்று சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை, அல்லது வீடு பக்கத்தில் இல்லை. கேட்கக் கசப்பாக இருக்கும். தாய் தகப்பனின் காவல் இருந்த பெண்கள் வீட்டுக்குள் போக, அந்தக் காவல் இல்லாத பெண்கள் கிரவுண்டில் நின்று இந்தியாவுக்கு ஆடினார்கள். விடுதியில் சாப்பாடு உண்டு, படிப்பு உண்டு, மைதானத்துக்கும் படுக்கைக்கும் நடுவே பஸ் ஏறவேண்டியதில்லை. கால்பந்துக்கு வேண்டியது அவ்வளவுதான் போலிருக்கிறது.

2018இல் இந்தியப் பெண்கள் லீக்கின் இரண்டாவது சீசன் ஷில்லாங்கில் நடந்தபோது இறுதிச் சுற்றில் ஏழு கிளப்புகள். அதில் இரண்டு தமிழ்நாட்டிலிருந்து போனவை. ஒன்று மதுரையின் சேது எஃப்சி, மற்றது இந்தக் கடலூர் அகாடமி. அதே ஆண்டு பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாடு மணிப்பூரை 2–1 என்று வென்று முதன்முறையாகத் தேசியச் சாம்பியன் ஆகியிருந்தது. மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் தோற்கடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்த மாநிலம் இந்தப் பட்டத்தை எத்தனை தடவை வாங்கி வைத்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குப் புரியும். 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவையும் 2–1 என்று வென்று தமிழ்நாடு மறுபடி பட்டம் எடுத்தது.

அந்தத் தலைமுறையின் முகம் இந்துமதி கதிரேசன். கடலூர்க்காரர், நடுக்கள ஆட்டக்காரர், இந்திய அணிக்கும் சேது எஃப்சிக்கும் ஆடியவர். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 கொரோனா ஊரடங்கில் கால்பந்து நின்றுபோனபோது சென்னையில் யூனிஃபார்மோடு தெருவில் நின்று டியூட்டி பார்த்தார். வெளிநாட்டில் ஒரு தேசிய அணி வீராங்கனை அப்படி நின்றிருந்தால் படமே எடுத்திருப்பார்கள். நாமும் எடுத்தோம், ‘பிகில்’ வந்தது 2019இல். கோப்பை வரைக்கும் காட்டினார்கள், தியேட்டரில் நானும் விசில் சத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். பிராக்டிஸ் முடிந்து அந்தப் பெண்கள் எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள் என்று காட்டியிருந்தால் படம் ஓடியிருக்காதுதான்.

சேது எஃப்சியின் கதையையும் சொல்ல வேண்டும். சீனி மொகைதீன் மதுரையில் 2016இல் தொடங்கிய கிளப். பெண்கள் லீக்கே 2017 தொடக்கத்தில்தான் முதன்முதலாக நடந்தது என்பதால், ஏறக்குறைய லீக்கோடு கூடப் பிறந்தது. 2019 மே 22 அன்று லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று இந்தியச் சாம்பியன் ஆனது. பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் என்ற பெண். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி, மணிப்பூரின் ரத்தன்பாலா, கிரேஸ் என்று பல ஊர்க் கால்கள் அந்த அணியில் இருந்தன. 2022இல் புவனேஸ்வரத்தில் கடைசி ஆட்டம் வரை பட்டத்துக்கு நின்று கோகுலம் கேரளாவிடம் 1–3 என்று விட்டது. மதுரையில் ஆட்டோ டிரைவர்களிடம் கேட்டால் சேது என்பது ராமேசுவரம் போகும் ரயில் என்பார்கள். இதற்கு அவர்களை நொந்து பயன் இல்லை. அன்றைய பெண்கள் லீக் ஏதாவது ஓர் ஊரில் எல்லா அணிகளையும் கூட்டி வைத்துச் சில வாரங்களில் முடித்துவிடும் போட்டி. மதுரைக் கிளப் மதுரையில் ஆடவே இல்லை. ஷில்லாங், லூதியானா, புவனேஸ்வரம், அகமதாபாத் என்று எங்கேயோ ஆடியது. சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலுமாக மாறி மாறி ஆடும் முறை பெண்களுக்கு 2023–24இல்தான் வந்தது. அதுவரை ஒரு கிளப்பின் ஆயுள் ஆண்டுக்கு ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு.

அப்படியென்றால் மிச்ச மாதங்களில் இந்தப் பெண்களை ஆட வைத்தது எது? விடுதி, கல்லூரியின் விளையாட்டு ஒதுக்கீட்டு சீட், போலீஸ் வேலை, தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீதம். நம் ஊரில் பெண்கள் கால்பந்துக் கிளப் என்று உண்மையில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். இதற்கு லோகோ கிடையாது, ஜெர்சி கிடையாது, சம்பள ஒப்பந்தம் கிடையாது. ஆனால் சோறு போடுகிறது. முதலாளி வைத்து நடத்தும் கிளப்புகள் இதன் மேல்தான் வந்து உட்காருகின்றன.

மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு நான் போனபோது சாயங்காலம் ஐந்து மணி. வெயில் இறங்கியிருந்தாலும் தரை சுட்டது. கோடைப் பயிற்சி முகாம் நேரம். ஒரு பக்கம் ஓட்டம், ஒரு பக்கம் வாலிபால், நடுவில் கால்பந்து. பெண்கள் இருபது பேருக்குக் குறையாது. பத்து வயதுக் குட்டிகளிலிருந்து கல்லூரிப் பெண்கள் வரை கலந்து நின்றார்கள். கோன் வைத்து வளைந்து வளைந்து பந்தைத் தள்ளுவது, இரண்டு பேராக நின்று பாஸ், அப்புறம் பாதி கிரவுண்டில் மேட்ச். பெரியவள் ஒருத்தி சின்னவளின் ஷூ லேசை மண்டி போட்டுக் கட்டிவிட்டு, “மேல பாத்து ஆடுடி, பந்தையே பாக்காத” என்று முதுகில் தட்டி உள்ளே அனுப்பினாள். மேட்ச் சூடு பிடித்ததும் காது கூசும் அளவுக்குச் சத்தம். “மேன் ஆன்!” “ஃப்ரீ, ஃப்ரீ!” “விடு, விடு, நான் எடுக்கறேன்!” கோல்கீப்பர் பெண்ணின் குரல் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். வீட்டில் இந்தக் குரலில் அவள் பேசியிருக்கவே முடியாது.

காலரியில் சில அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். டிபன் பாக்ஸ், வாட்டர் கேன், மல்லிகைப் பூ தொடுத்துக்கொண்டு ஒருவர். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெண்ணாடம் சாலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, இப்போது கடலூரிலேயே வாடகைக்கு இருக்கிறார்கள். மகள் எட்டாவது முடித்திருக்கிறாள்.

“தினம் நீங்களே கூட்டிட்டு வருவீங்களா?”

“வேற யாரு வருவா? அவங்க அப்பாவுக்கு இதுல இஷ்டமே இல்ல. ஸ்கூல் பி.டி. டீச்சர் வூட்டுக்கே வந்து ரெண்டு மணி நேரம் பேசினாங்க. அப்புறமும் அவரு, இருட்டினப்புறம் பொண்ணு ரோட்டுல இருக்கக் கூடாதுன்னுட்டாரு. சரி, நானும் கூட இருந்தா தனியா இல்லல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன். டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் இல்ல. பூ கட்டற வேலைய இங்க உக்காந்து செஞ்சா ஆச்சு.”

சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியபோது, அதை வேலைக்குப் போகும் பெண்களுக்கான திட்டம் என்றுதான் எல்லாரும் பேசினோம். ஒரு தாயும் மகளும் தினம் கிரவுண்டுக்குப் போய்வருகிற செலவு அதனால் பூஜ்யமாகிவிட்டது என்பதை நான் அந்த காலரியில்தான் தெரிந்துகொண்டேன். இன்னும் ஒரு தாய் இதற்குப் பாதி நாளை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அடி அண்ணாமலையில் அந்த ஸ்டாப்பர் பெண்ணின் அம்மாவுக்குப் பூக் கட்டும் வேலை இல்லை. அவர் களையெடுக்கப் போகிறவர் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். களையை மைதானத்தில் உட்கார்ந்து எடுக்க முடியாது.

ஆறரை தாண்டியதும் விளக்குகளைப் போட்டார்கள். மேட்ச் நிற்கவில்லை. இருட்டு வந்துவிட்டது என்று அங்கே யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை.

“மேட்ச் பாத்துப் பாத்து ஆட்டம் புரிஞ்சிருக்குமே உங்களுக்கு?” என்றேன்.

“எங்க? கோல் போட்டா கத்துவாங்க, அது தெரியும். ஆஃப்சைடுன்னு ஒண்ணு சொல்றாங்க பாருங்க, அது மட்டும் இன்னி வரைக்கும் தலையில ஏறல.” பூவை வாழைநாரில் முடிந்துகொண்டே சொன்னார். “நல்லா ஆடினா எஸ்.ஐ. வேல கெடைக்கும்னு டீச்சர் சொன்னாங்க. அது புரிஞ்சுது. நம்ம ஊர்ப் பொண்ணு ஒண்ணு ஆகியிருக்குதாமே.”

மகள் தண்ணீர் குடிக்க ஓடி வந்தாள். முட்டியில் சிராய்ப்பு, முகமெல்லாம் புழுதி. அம்மா சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும்.

“எஸ்.ஐ. எல்லாம் அப்புறம்மா. மொதல்ல இண்டியா.”

பாட்டிலை அம்மா மடியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அவள் டீம் அப்போது 2–0 என்று பின்தங்கியிருந்தது.